கொரியப் படம் பார்த்தாச்சு, இனி அதைப் பற்றி எழுதுவது எப்படி?

கொரியப் படம் ஒன்றைப் பார்த்து முடித்த கையோடு பலரும் எழுதுவது இப்படி இருக்கும்: "வேற லெவல் படம். ஒளிப்பதிவு அருமை, பின்னணி இசை அருமை, கிளைமாக்ஸ் மிரட்டல். தவறவிடாதீர்கள்." இதை எந்தப் படத்தின் பெயருக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். படிப்பவருக்குப் படத்தைப் பற்றியும் ஒன்றும் தெரிவதில்லை, எழுதியவரைப் பற்றியும் ஒன்றும் தெரிவதில்லை. படம் உங்களை எந்த இடத்தில் பிடித்தது, எந்த இடத்தில் கைவிட்டது, அதைத் தேடிப் பிடித்துச் சொல்வதுதான் ரசிகர் விமர்சனத்தின் வேலை. கொரியப் படங்களுக்குப் புதியவராக இருந்து, பார்த்ததை நாலு பேர் படிக்கும்படி எழுதவும் ஆசைப்படுகிறவர்களுக்காக, படத்தைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வரிசையாகச் சொல்கிறேன்.

எதில் தொடங்கலாம்

கேட்டால் பாதிப் பேர் 'ஓல்ட்பாய்' என்பார்கள். பார்க் சான் வூக்கின் 2003ஆம் ஆண்டுப் படம். 2004 கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி வாங்கியது. பெரிய படம்தான், சந்தேகமில்லை. ஆனால் முதல் படமாக அதைப் பார்த்தவர்கள் கடைசியில் உடையும் ரகசியத்தையும், நடைபாதையில் ஒரே ஷாட்டில் எடுத்த சுத்தியல் சண்டையையும் தாண்டி வேறெதையும் எழுதி நான் படித்ததில்லை. அந்த அதிர்ச்சி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.

எழுதிப் பழக வேண்டும் என்றால் 'டிரெய்ன் டு பூசான்' நல்ல தொடக்கம். இயோன் சாங் ஹோ இயக்கி 2016இல் வந்தது. சியோலிலிருந்து பூசான் போகும் அதிவேக ரயில், அதற்குள் ஒரு அப்பா, அவருடைய சின்ன மகள், பெட்டி பெட்டியாகப் பரவும் ஜாம்பிகள். கதை பெரும்பாலும் ரயிலை விட்டு இறங்காததால் எந்தப் பெட்டியில் யார் என்ன செய்தார் என்பது மனதில் நிற்கும். "இந்த இடத்தில்தான் எனக்கு மூச்சு முட்டியது" என்று விரலை வைத்துக் காட்டுவது எளிது.

அடுத்து போங் ஜூன் ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003). அதன் பிறகு அவருடைய 'பாரசைட்' (2019). அப்புறம் லீ சாங் டாங்கின் 'பர்னிங்' (2018). இந்த வரிசையில் ஒவ்வொரு படமும் முந்தையதைவிடக் கொஞ்சம் குறைவாகவே விளக்கிச் சொல்லும். 'பர்னிங்'குக்கு வரும்போது எதுவும் உறுதியாகச் சொல்லப்படாது என்பதற்குப் பழகியிருப்பீர்கள். நா ஹாங் ஜின்னின் 'தி வெய்லிங்' 156 நிமிடம் ஓடி, முடிந்த பிறகும் யார் பேய் என்று சண்டை போட வைக்கும் படம். அதை ஐந்தாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹாங் சாங் சூவின் படங்களில் இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து சோஜு குடித்தபடி பேசிக்கொண்டே இருப்பார்கள், கேமரா திடீரென்று ஜூம் ஆகும். எனக்கு உயிர். தொடங்குகிறவருக்குக் கொடுக்க மாட்டேன்.

ரத்தம் ஒத்துவராதவர்களுக்கு வேறு வாசல் உண்டு. நகரத்தை விட்டுக் கிராமத்து வீட்டுக்குத் திரும்பிச் சமைத்துச் சாப்பிடும் பெண்ணைப் பற்றிய 'லிட்டில் ஃபாரஸ்ட்' (2018), 1994ஆம் ஆண்டு சியோலில் ஒரு பள்ளி மாணவியின் நாட்களைச் சொல்லும் கிம் போராவின் 'ஹவுஸ் ஆஃப் ஹம்மிங்பேர்ட்' ஆகிய இரண்டும் அமைதியான படங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் வயதுச் சான்றிதழைப் பார்த்துவிடுங்கள். 'தி ஹேண்ட்மெய்டன்' போன்றவை கொரியாவிலேயே இளையோர் பார்க்கக் கூடாத வகை. கூடத்தில் வீட்டுப் பெரியவர்களோடு போட்டுவிட்டு ரிமோட்டைத் தேட வேண்டாம்.

பிளே அழுத்துவதற்கு முன்

சில படங்களுக்குத் தமிழ் டப்பிங் கிடைக்கிறது. பொழுதுபோக்காகப் பார்க்க அது போதும். எழுதப்போகிறீர்கள் என்றால் கொரிய ஒலியும் சப்டைட்டிலும்தான் சரி. சோங் காங் ஹோ போன்ற நடிகர் பாதி வேலையைக் குரலிலேயே செய்துவிடுவார். டப்பிங்கில் அவர் நடிப்பைப் பாராட்டினால் நீங்கள் பாராட்டுவது வேறு யாரையோ.

காதை எதற்குத் தீட்டி வைக்க வேண்டும்? யார் யாரிடம் பணிவாகப் பேசுகிறார், யார் யாரிடம் உரிமையோடு இறங்கிப் பேசுகிறார் என்பதற்கு. வயதும் பதவியும் பார்த்து வினைமுடிவையே மாற்றும் மொழி அது. பேச்சு திடீரென்று ஒருமைக்கு இறங்குவதை ஆங்கில சப்டைட்டில் பெரும்பாலும் காட்டாது. நீங்க, நீ என்று பேசி வளர்ந்த காதுக்கு, மொழி தெரியாவிட்டாலும் தொனி மாறுவது பிடிபட்டுவிடும். 'பாரசைட்'டில் பணக்கார அம்மா பேச்சுக்கு நடுவே ஆங்கிலத்தைத் தூவுவதும் அப்படித்தான்: சப்டைட்டில் முழுக்க ஆங்கிலமாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். 'தி ஹேண்ட்மெய்டன்' ஜப்பானிய ஆட்சிக்காலக் கதை என்பதால் அதில் இரண்டு மொழி பேசுவார்கள். சில பிரதிகளில் சப்டைட்டிலின் நிறமே மொழிக்கு மொழி மாறும். இப்படி ஒரு விஷயத்தை விமர்சனத்தில் சொன்னாலே படிப்பவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வந்துவிடும்.

டிரெய்லரைத் தவிர்த்துவிடுங்கள். வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்: 1979 டிசம்பர் 12இல் நடந்த ராணுவக் கவிழ்ப்பு, 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் மக்கள் எழுச்சியை ராணுவம் ஒடுக்கியது, 1987இல் வீதிப் போராட்டங்களுக்குப் பிறகு நேரடி அதிபர் தேர்தல் வந்தது, 1997இல் பொருளாதாரம் சரிந்து சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்டது. சமகாலக் கொரியப் படங்களில் பாதி இந்த நான்கில் ஏதாவது ஒன்றின் நிழலில் நிற்கின்றன.

பார்க்கும்போது

பக்கம் பக்கமாகக் குறிப்பெடுக்காதீர்கள். குனிந்து எழுதும் நேரத்தில் சப்டைட்டில் இரண்டு வரி ஓடிவிடும். ஒரு துண்டுத்தாள், ஒரு காட்சிக்கு இரண்டு மூன்று சொல். "டிராக்டர், காலடி, சிரிப்பு" என்று எழுதினால் போதும். ஓடிடியில் பார்த்தால் நிமிடக் கணக்கையும் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அந்த மூன்று சொல்லும் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' படத்துக்கானவை. வயலில் ஒரு பெண்ணின் பிணம் கிடக்கிறது. சுற்றிலும் ஊர்க்கூட்டம், குழந்தைகள் ஓடித் திரிகிறார்கள். கரைமேட்டிலிருந்து இறங்கிவரும் அதிகாரி சறுக்கி விழுகிறார். கிடைத்திருப்பது ஒரே ஒரு காலடித் தடம். அதைக் காப்பாற்றச் சொல்லித் துப்பறிவாளர் கத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு டிராக்டர் அதன்மேல் ஏறிப் போய்விடுகிறது. வெட்டே இல்லாத ஒரே நீண்ட ஷாட். நாம் சிரிக்கிறோம். பிணம் அங்கேயேதான் கிடக்கிறது.

கொரியப் படங்களைப் பற்றி எழுதுகிறவர் முதலில் பழக வேண்டிய விஷயம் இதுதான். சிரிப்பும் கொடூரமும் ஒரே காட்சிக்குள் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முன்னறிவிப்பு எதுவும் வராது. புதிதாகப் பார்ப்பவர்கள் "காமெடியா, திரில்லரா, இயக்குநருக்கே குழப்பம்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படித் தோன்றினால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டால் காட்சி என்ன ஆகும்? இங்கே எடுத்துவிட்டால் காவல்துறையின் கையாலாகாத்தனம் போய்விடும். அந்தக் கையாலாகாத்தனத்தால்தான் அடுத்தடுத்த பெண்கள் சாகிறார்கள். இதே படத்தில், கொலை நடக்கலாம் என்று அஞ்சும் இரவில் காவலுக்கு ஆள் கேட்டால் படையெல்லாம் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறது என்று பதில் வரும். 1987க்கு முந்தைய கொரியா அந்த ஒரு தொலைபேசிப் பேச்சுக்குள் இருக்கிறது. எல்லாத் தாவலுக்கும் இப்படிப் பதில் கிடைக்காது. பதில் கிடைக்காத இடத்தில், படம் உண்மையிலேயே தடுமாறியிருக்கிறது என்று தயங்காமல் எழுதுங்கள்.

பார்த்த பிறகு, எழுதும் முன்

மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று உடனே தேடிப் போகாதீர்கள். உங்களுக்குத் தோன்றியதை ஐந்தாறு வரி எழுதி வைத்துவிட்டுப் பிறகு தேடுங்கள். அப்போதும் கருத்தை விட்டுவிட்டுத் தகவலைத் தேடுங்கள்.

'மெமரீஸ் ஆஃப் மர்டர்' ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த தொடர்கொலைகளை வைத்து எடுத்தது. படம் வந்தபோது கொலையாளி யாரென்று யாருக்கும் தெரியாது. 2019இல்தான் டிஎன்ஏ மூலம் அடையாளம் கண்டார்கள். வேறொரு கொலைக்காக அவர் ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் சிறைக்குள் இருந்தார். ஹ்வாசோங் கொலைகளுக்கு வழக்குத் தொடரும் காலக்கெடு 2006லேயே முடிந்துபோயிருந்தது. இதைத் தெரிந்துகொண்டு படத்தின் கடைசி ஷாட்டைப் பார்ப்பது ஒரு அனுபவம், தெரியாமல் பார்ப்பது இன்னொன்று. நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்பதை விமர்சனத்தில் சொல்வது நல்லது.

'பாரசைட்' குடும்பம் வாழும் பாதித் தரைக்கடி வீடு இயக்குநரின் கற்பனை என்று நினைத்து எழுதுகிறவர்கள் உண்டு. சியோலில் அது சாதாரணம். வட கொரிய அச்சுறுத்தல் இருந்த 1970களில், ஆபத்துக்குப் பதுங்க அடுக்குமாடிகளில் அடித்தளம் கட்டச் சொன்னார்கள். பிறகு வீட்டுத் தட்டுப்பாடு முற்றியதும் அவையே வாடகை வீடுகளாகிவிட்டன. 2022 ஆகஸ்ட் பெருமழையில் அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் இறந்தார்கள். படத்தில் வரும் மழையை மிகை என்று எழுதுவதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

2024இல் வந்த ஜாங் ஜே ஹ்யூனின் 'எக்ஸ்யூமா' இன்னொரு வகை. குறிசொல்லிச் சடங்கு செய்யும் இளம்பெண், மண்ணை நக்கிப் பார்த்து நிலத்தின் குணம் சொல்லும் கிழவர், கல்லறையைத் தோண்டும் வேலை. நமக்குப் பேய்ப்படம். கொரியர்களுக்கு அதற்குள் காலனிக் காலக் கதை ஒன்றும் ஓடியது. வண்டிகளின் எண் பலகைகளில் 0301, 0815, 1945 என்று வரும்: ஜப்பானிய ஆட்சியை எதிர்த்த மார்ச் 1 இயக்கம், ஆகஸ்ட் 15 விடுதலை நாள், விடுதலை பெற்ற ஆண்டு. ஆகஸ்ட் 15 நமக்கும் பழக்கமான தேதிதான். படத்தின் இரண்டாம் பாதி வேறு பாதையில் திரும்புவது பிடித்ததா இல்லையா என்று ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இந்தப் பின்னணி தெரிந்தால் அது ஏன் திரும்புகிறது என்றாவது புரியும். எனக்கு முதல் பாதிதான் பிடித்தது. காரணம் தெரிந்த பிறகும் அது மாறவில்லை.

எழுத உட்காரும்போது

இயக்குநரின் முந்தைய விருதுகளில் தொடங்காதீர்கள். அந்தத் துண்டுத்தாளில் எந்தக் காட்சி இன்னும் உறுத்துகிறதோ அதில் தொடங்குங்கள். 'பாரசைட்' தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் வரைவில் இப்படி வரும்:

"ஏழைகளின் வாழ்க்கையை இயக்குநர் தத்ரூபமாகப் படம்பிடித்திருக்கிறார்."

இதையே காட்சியாக எழுதிப் பாருங்கள்:

"தெருவில் பூச்சிமருந்துப் புகை அடித்துக்கொண்டு வருகிறார்கள். ஜன்னலைச் சாத்தலாம் என்றால் அப்பா வேண்டாம் என்கிறார். காசில்லாமல் நம் வீட்டுப் பூச்சியும் ஒழியட்டுமே. புகை உள்ளே புகுந்து எல்லோரும் இருமுகிறார்கள். அப்பா மட்டும் ஒன்றுமே நடக்காதது போல் பீட்ஸா பெட்டிகளை மடித்துக்கொண்டே இருக்கிறார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, இவர் எதற்குத்தான் இருமுவார் என்று யோசிக்கத் தொடங்கினேன்."

இரண்டாவதில் "ஏழை" என்ற சொல்லே இல்லை. "தத்ரூபம்" இல்லை. படிப்பவர் அந்த வீட்டுக்குள் போய்விட்டார், எழுதியவர் எப்படிப்பட்ட ஆள் என்பதும் கொஞ்சம் தெரிந்துவிட்டது. ஒரு விமர்சனத்துக்கு இப்படி இரண்டு காட்சி இருந்தால் தாராளம். கதைச் சுருக்கம் நாலு வரிக்கு மேல் வேண்டாம்.

எதுவரை கதை சொல்லலாம்? இதற்கு போங் ஜூன் ஹோவே கோடு கிழித்துக் கொடுத்தார். 2019இல் கான் விழாவில் 'பாரசைட்' திரையிட்டபோது, அண்ணனும் தங்கையும் பாடம் சொல்லிக்கொடுக்க அந்த வீட்டுக்குள் போன பிறகு நடப்பதை எழுத வேண்டாம் என்று பத்திரிகையாளர்களிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டார். நல்ல அளவுகோல். பொதுவாக முதல் அரை மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் தனிப் பகுதியாக வைத்து, அதற்கு மேலே கொட்டை எழுத்தில் எச்சரித்துவிடுங்கள். "கடைசியில் பெரிய டிவிஸ்ட் இருக்கிறது, சொல்ல மாட்டேன்" என்று எழுதுவதும் பாதி சொன்னதற்குச் சமம். பார்ப்பவர் அதற்காகவே காத்திருக்கத் தொடங்கிவிடுவார்.

ஒப்பிடும் ஆசை வரும். 2020இல் 'பாரசைட்' நான்கு ஆஸ்கர் வாங்கி, சிறந்த படத்துக்கான விருது பெற்ற முதல் ஆங்கிலமல்லாத படமானதும், இது 'மின்சார கண்ணா' கதைதானே என்று இங்கே பேச்சு கிளம்பியது நினைவிருக்கும். (அந்த ஒப்பீட்டைச் சொன்னாலே போங் கிழித்த கோட்டைத் தாண்டியாகிவிட்டது. நல்லவேளை, இனி படம் பார்க்காதவர்கள் குறைவு.) ஒப்பிடுவது தப்பில்லை. "அங்கிருந்து சுட்டது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் அதில் சரக்கில்லை. தமிழ்ப் படத்தில் குடும்பம் உள்ளே போவது காதலுக்காக, கொரியப் படத்தில் பிழைப்புக்காக. அதனால் பொய் வெளிப்படும்போது இரண்டிலும் எதை இழக்க நேர்கிறது என்று தொடர்ந்தால் ஒரு பத்தி தேறும்.

பெயர்களை முழுதாக எழுதுங்கள். கொரியாவில் குடும்பப் பெயர் முன்னால் வரும்: போங் என்பது குடும்பப் பெயர், ஜூன் ஹோ அவருடைய பெயர். கிம், லீ, பார்க் என்று மட்டும் எழுதினால் யாரென்றே தெரியாது. நாட்டில் பாதிப் பேர் இந்த மாதிரிச் சில பெயர்களுக்குள் அடங்கிவிடுவார்கள். ஒரு பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று முடிவு செய்த பிறகு, கடைசிவரை அதே எழுத்தில் எழுதுங்கள்.

வசூல் பற்றி எழுதுவதென்றால், அங்கே பணத்தைவிடத் தலைக்கணக்குதான் பேச்சு. கொரியத் திரைப்பட கவுன்சில் பார்வையாளர் எண்ணிக்கையை வெளியிடுகிறது. 1 கோடியைத் தாண்டினால் அது தனி ஜாதி. நாட்டின் மக்கள்தொகையே 5 கோடிக்குச் சற்று மேல்தான் என்பதால் அந்த எண்ணின் கனம் புரியும். 'டிரெய்ன் டு பூசான்', 'பாரசைட்', 'எக்ஸ்யூமா' மூன்றும் தாண்டின. 'பர்னிங்' பக்கத்தில்கூட வரவில்லை. ஓட்டத்தை வைத்துப் படத்தின் தரத்தைச் சொல்ல முடியாது என்று விளக்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

நட்சத்திரம் கொடுக்க வேண்டுமா? கட்டாயமில்லை. கொடுப்பதென்றால் மறுநாள் கொடுங்கள். 'பர்னிங்'கில் ஹே மி என்ற பெண் இல்லாத ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சாப்பிட்டுக் காட்டுவாள். பழம் இருப்பதாக நினைக்காதே, இல்லை என்பதை மறந்துவிடு, அவ்வளவுதான் என்பாள். பார்க்கும்போது சும்மா ஒரு விளையாட்டு. படம் முடிந்து படுத்த பிறகுதான் அதன் மேல்தான் மொத்தக் கதையும் நிற்கிறது என்று உறைக்கும். அன்று இரவே 3 போட்டவர்கள் மறுநாள் 4 ஆக்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

திருத்தும்போது

அருமை, மிரட்டல், செதுக்கியிருக்கிறார், உலகத்தரம் போன்ற சொற்களை அடித்துவிட்டுப் பாருங்கள். வாக்கியம் விழுந்துவிட்டால் அங்கே முதலிலிருந்தே ஒன்றும் இல்லை என்று பொருள். "கொரியர்கள் எப்போதும் இப்படித்தான்" என்ற மாதிரி வரிகளையும் எடுங்கள். மா டாங் சோக்கின் அடிதடிப் படமும் ஹாங் சாங் சூவின் சோஜு மேசையும் ஒரே நாட்டில்தான் எடுக்கப்படுகின்றன. ஆண்டு, இயக்குநர், நடிகர் பெயர்களை ஒருமுறை சரிபாருங்கள். நீளம் 400 முதல் 600 சொற்கள் இருந்தால் யாரும் பாதியில் விட மாட்டார்கள்.

இரண்டாவது கட்டுரைக்கு ஒரு படத்தை எடுக்காமல் ஒரு ஜோடியை எடுங்கள். 1979 டிசம்பர் கவிழ்ப்பை ஒரே இரவின் கதையாகச் சொல்லும் '12.12: தி டே' (2023), அதற்குச் சில மாதம் கழித்து நடந்த குவாங்ஜு நிகழ்வைச் சொல்லும் 'எ டாக்ஸி டிரைவர்' (2017). வேறு வேறு இயக்குநர்கள், இரண்டுமே 1 கோடியைத் தாண்டியவை. முதல் படத்தில் மேசைக்கு மேசை தொலைபேசியில் முடிவாகிற அதிகாரம், இரண்டாவதில் தெருவில் நிற்பவர்கள்மேல் வந்து விழுகிறது. சரித்திர வரிசையிலேயே பாருங்கள். அது கனமாகத் தெரிந்தால் 'பிளைண்ட்' (2011), அதைத் தழுவித் தமிழில் வந்த 'நெற்றிக்கண்' (2021) இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்துவிட்டு, ரீமேக்கில் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.